பாட்டியின் ஊய்பில்

சிச்சிகாஸ்தெனாங்கோ, குவாத்தமாலா
டிசம்பர், ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

சந்தை முடிந்து கடையை மூட்டை கட்டி வைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். கோப்பால் சாம்பிராணிப் புகை வாசம் இன்னும் தலைமுடியில் இருக்கிறது. சாந்தோ தோமாஸ் கோயில் படிக்கட்டில் விடியும்போதே பூக்காரிகள் இடம் பிடித்துவிட்டார்கள். 21ஆம் தேதி திருவிழா. நீ வருவாயா என்று நான் கேட்கப்போவதில்லை. தலைநகரிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு என்று உனக்கே தெரியும்.

நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். மேசை, கம்ப்யூட்டர், கழுத்தில் அடையாள அட்டை. பெருமையாக இருந்தது, கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கத்துக் கடை அத்தை மட்டும் "இதென்ன சட்டை?" என்றாள். ஆபீஸ் சட்டை என்றேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம் கொடுத்துவிட்ட நம் நெசவு மேலாடையை, அந்த ஊய்பிலை, மடித்தே வைத்திருக்காதே, அவ்வப்போது நிழலில் விரித்துப் போடு. துவைத்தால் முறுக்கிப் பிழியாதே.

உன் குட்டி போனில் ஸ்பானிஷில் "கிராசியாஸ்" என்று நன்றி சொன்னாள். நம் கிச்சே மொழியில் "மால்த்யோஷ்" சொல்லக் கற்றுக்கொடு. நம் மாயா நாள்காட்டியின் பாட்ஸ் நாளில், நூலுக்கு உரிய நாளில் பிறந்தவள் அவள். ஆபீஸில் ஸ்பானிஷ் சரி, வீட்டிலாவது கிச்சே பேசு. முறுக்கிப் பிழியாதே, சாயம் இறங்கும். எத்தனை தரம் சொல்வது!

போன முறை வந்தபோது பாட்டியின் ஊய்பில் எங்கே என்று கேட்டாய். பூச்சி அரித்துவிட்டது என்றேன். அது பொய்.

1982இல், உள்நாட்டுப் போர் நடந்தபோது, நெசவைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று ராணுவம் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் பாட்டி அதை பிளாஸ்டிக்கில் சுற்றி சோளக் குதிருக்கு அடியில் புதைத்துவிட்டு, சந்தையில் வாங்கிய சட்டையோடு எங்களைக் கடற்கரைப் பக்கத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வந்ததும் முதலில் தோண்டியெடுத்தது அதைத்தான். மூன்று பட்டை, பழுப்புப் பருத்தி, மார்பில் இரட்டைத்தலைக் கழுகு, கழுத்தைச் சுற்றிச் சூரியக் கதிர்கள். அப்படித் தப்பி வந்ததை நான் விற்றேன். உன் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது, ஒரு வியாபாரி வந்தார், கொடுத்துவிட்டேன். பாட்டி அப்போது இல்லை.

சில மாதம் கழித்து நம் சந்தையிலேயே, வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் கடை ஒன்றில், கைப்பைகளாகத் தொங்கியது. கழுகின் ஒரு தலை ஒரு பையில், மறு தலை இன்னொரு பையில். சிவப்பு நூல் தீர்ந்துபோய்ப் பாட்டி ஊதா கோத்த இடம் எனக்குத் தெரியாதா? கையிலிருந்த காசுக்கு ஒரு பைதான் கிடைத்தது. வியாழக்கிழமை மறுபடி போனேன், மற்றது விற்றுப்போயிருந்தது.

ஒரு வாரமாக உன் சட்டையை நினைத்து மனசுக்குள் முனகிக்கொண்டிருந்தேன். பாட்டியும் சட்டை போட்டுக்கொண்டு போனவள்தானே.

பையைப் பிரித்து, ஜிப்பை எடுத்துவிட்டு, துவைத்து வைத்திருக்கிறேன். முழ நீளம்கூட இல்லை. குட்டிக்கு ஒரு ஊய்பில் இடுப்புத் தறியில் ஏற்றியிருக்கிறேன், இதை அதன் நெஞ்சில் வைத்துத் தைக்கட்டுமா? தோள் அளவு தெரியவில்லை. நூலால் அளந்து முடிச்சுப் போட்டு அனுப்பு. நேரில் கூட்டி வந்தால் நானே அளந்துகொள்வேன்.

அம்மா