அடுத்தவர் ஆடுவதைப் பார்ப்பது பற்றி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஒரு மாதத்துக்கு அடுப்புப் பக்கம் போக விடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவி சத்தம் குறைந்திருக்கிறது.

பாப்பா மணிக்கணக்காக யூடியூபில் யாரோ கேம் ஆடுவதைப் பார்க்கிறாள், அவளே ஆடினாலும் பரவாயில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். நான் அவள் கட்சி. கொஞ்ச காலமாக நானும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறேன். அதில் எனக்குக் கிடைப்பது நல்ல கச்சேரி கேட்கும் சந்தோஷம்.

நான் பார்ப்பது, நாம் டிவி கேமில் கேசட் போட்டு ஆடினோமே, அதே மேரியோ. 1985-இல் நிண்டெண்டோ வெளியிட்டது. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம்; இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைப் போலப் பல மடங்கு. இடம் மிச்சம் பிடிக்க, மேகத்துக்கும் கீழே இருக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் நிறம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அடுத்த முறை பார், தெரியும்.

இதை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பதற்காகவே உலகம் முழுக்க ஒரு கூட்டம் உழைக்கிறது. ஸ்பீட்ரன் என்கிறார்கள். குழாய்க் குறுக்கு வழிகளில் புகுந்து எட்டே கட்டங்களில் விளையாட்டை முடித்துவிடலாம். 2021-இல் நிஃப்ட்ஸ்கி என்ற பெயரில் ஆடும் அமெரிக்கப் பையன் முதன்முறையாக 4 நிமிடம் 55 விநாடிக்குக் கீழே வந்தான். அதிலிருந்து இன்றுவரை, விநாடியில் நூறில் சில பங்குக்காகப் போட்டி நடக்கிறது.

இதில் என்னை இழுத்துப் பிடித்தது ஒரு நுணுக்கம். திரையில் விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. ஆனால் ஒரு கட்டம் முடிந்ததா, அடுத்ததற்குப் போகலாமா என்பதை விளையாட்டு 21 பிரேமுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. அதாவது 0.35 விநாடிக்கு ஒரு பஸ் கிளம்புகிறது. நீ பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து பிரேம் முன்னால் வந்தாலும் பத்து பிரேம் முன்னால் வந்தாலும் அதே பஸ்தான். ஆடுகிறவர்களே இப்படித்தான் விளக்குகிறார்கள். அதனால் சின்னச் சின்ன முன்னேற்றம் எதுவும் கணக்கில் சேராது. முந்தைய பஸ்ஸைப் பிடிக்கும் அளவுக்கு மிச்சம் பிடித்தால்தான், ஒரேயடியாக 21 பிரேம் குறையும். அதற்காக வருடக்கணக்காக யோசித்து, கட்டத்தின் முடிவில் வரும் கொடிக்கம்பத்துக்கு அடியில் இருக்கும் கல்லுக்குள் மேரியோவின் காலை நுழைத்துக் கொடி இறங்கும் நேரத்தையே தவிர்க்கிற வித்தையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அங்கே ஒவ்வொரு பிரேமும் கணக்கு. நாலு நிமிடத்துக்கு மேல் பிழையில்லாமல் ஆடிவிட்டு, கை நடுங்குகிற நேரத்தில் அங்கே வந்து நிற்க வேண்டும். பார்க்கிற எனக்கே மூச்சு நின்றுவிடுகிறது மாப்ளே.

இதை ஆடச் சொல்லி அவர்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ஒருவர் கண்டுபிடித்த வித்தையை மறைத்து வைப்பதும் இல்லை, அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கேம்ஸ் டன் குயிக் என்று 2010-இலிருந்து ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். ஒரு வாரம், ராப்பகலாக, ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுவார்கள். பார்க்கிறவர்கள் அனுப்பும் பணம் புற்றுநோய்த் தடுப்புக்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் போகிறது. இதுவரை 5 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. ஆடுகிறவர் பக்கத்திலேயே சோபாவில் நண்பர்கள் உட்கார்ந்து, இப்போது என்ன செய்கிறார், அது ஏன் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். பாப்பாவோடு ஒருநாள் உட்கார்ந்து பார். அவள் பார்ப்பது வேறு மாதிரி வீடியோவாக இருக்கலாம். ஆனாலும் அவளிடம் கேள், அந்த ஆள் ஏன் இப்படிச் செய்கிறான் என்று. சொல்லுவாள்.

நீ கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. போன் கேம்களில் பாதி, விளையாட்டே இல்லை. ஐந்து நிமிடம் ஆடவிட்டு, உயிர் தீர்ந்தது, நான்கு மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் காசு கட்டு என்கின்றன. பக்கத்து வீட்டுப் பையன் அப்படி ஒன்றில் அப்பாவின் கார்டில் நாலாயிரம் ரூபாயைக் கரைத்துவிட்டான். சில கேம்கள் பரிசுப் பெட்டி என்று ஒன்றை விற்கின்றன; பெட்டிக்குள் என்ன வரும் என்று தெரியாமல் காசு போடுவதற்கு நம் ஊரில் சூதாட்டம் என்று பெயர். இதைக் குழந்தைகளுக்கு விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்னொரு பக்கம், ஸ்டார்ட்யூ வேலி என்று ஒரு விவசாய விளையாட்டு. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016-இல் வெளியிட்டார். வாங்கியவர்களுக்கு 2024-இல்கூடப் புதிய பகுதிகளை இலவசமாகக் கொடுத்தார். ஆடுகிறவனை மதிப்பது என்றால் இதுதான்.

அப்புறம், பாப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடு. பெயர் வெண்பா. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு நாம் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. ஆவி எல்லா இட்லிக்கும் போகிற மாதிரி தட்டுகளைச் சரியாக அடுக்கத் தெரிய வேண்டும். உன் வீட்டு அம்மணிக்கு அது நொடியில் தெரிந்துவிடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில், முதல் படைப்புக்கான பரிசு இதற்குத்தான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், இடையில் எங்கேயும் காசு கேட்காது. மகன் வளர வளர அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் விழும் இடைவெளியை அவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் முடித்த கையோடு அக்காவுக்குப் போன் போட்டேன், அவள் மகன் மெல்போர்னில்தானே இருக்கிறான்.

பொங்கலுக்கு நான்கு நாள் லீவு வருகிறது. நீங்கள் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், ரயில் டிக்கெட் இப்போதே தீர்ந்துகொண்டிருக்கிறது. அம்மாவையும் கூட்டி வா, டாக்டர் சம்மதித்தால்.

அன்புடன்,
உன் மாப்ளே