பாட்டுக்கணக்கு எழுதி வைத்த அம்மாவுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

ஊர் மக்களுக்கான சமுதாய வானொலியான நம் நிலையம், தண்ணீர் புகுந்து ஓய்ந்துபோன பின் மீண்டும் ஒலிக்கத் தொடங்கி இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. நடந்தவற்றை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் அருகிலிருந்து பார்த்தவர்கள், பலர் எங்களோடு சேற்றில் நின்றவர்கள். வானொலிப் பெட்டியைத் திருப்பினால் இரைச்சல் மட்டுமே கேட்ட அந்த நாட்களின் களைப்பு இன்னும் தீரவில்லை, செலவுக் கணக்கும் முடியவில்லை. ஆனாலும் நன்றி சொல்வதை ஒத்திப்போட்டால் அது வெறும் சடங்காகிவிடும் என்ற அச்சத்தில் இப்போதே எழுதுகிறேன்.

இரவோடு இரவாக ஒலிபரப்புக் கருவியைப் பிரித்துக் காயவைத்துப் பூட்டிக் கொடுத்த பொறியாளர்கள், கோபுரத்தில் ஏறி ஆன்டெனாவைச் சரிபார்த்தவர்கள், தங்களிடம் உபரியாக இருந்த ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியையும் இரண்டு மைக்குகளையும் திருப்பிக் கேட்காமலே அனுப்பி வைத்த சகோதர நிலையத்தார், பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்துக் கொடுத்த முன்னாள் அறிவிப்பாளர்கள், அழிந்துபோன பாடல்களை மறுபடி வந்து பாடிக் கொடுத்த நாட்டுப்புறக் கலைஞர்கள், விண்ணப்பங்களையும் கடிதங்களையும் கட்டணம் வாங்காமல் எழுதித் தந்த வழக்கறிஞர், கணக்காளர் ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி உரியது. பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன் என்பதால் எல்லோரையும் ஒரே மூச்சில் வணங்குகிறேன்.

ஓர் உதவியை மட்டும் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும்.

கருவிகளைப் போலவே எங்கள் பதிவேடுகளும் போயிருந்தன. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பாடல் ஒலித்தது என்பதற்கான கியூ ஷீட்டுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறிய இழப்பாகத் தோன்றலாம். பாடல் உரிமையாளர்களுக்குக் கணக்குச் சொல்வதற்கும், சமுதாய வானொலி விதிப்படி நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்பில் உருவானவை என்று காட்டுவதற்கும் அந்தத் தாள்களைத் தவிர எங்களிடம் வேறு சான்று இல்லை. நிலையத்தின் இசை வரலாற்றை எழுத வேண்டும் என்று நாங்கள் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்ததும் அவற்றை நம்பித்தான்.

ஈரக் கோப்புகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். தையல் வேலை செய்பவர். தையல் இயந்திரத்துக்கு மேலே அலமாரித் தட்டில் வானொலியை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நம்மைக் கேட்பவர். “பாட்டுக் கணக்கெல்லாம் போச்சாமே, தம்பி. இது உங்களுக்கு உதவுமான்னு பாருங்க” என்று பையை மேசைமேல் கவிழ்த்தார். பழுப்புத் தாள் அட்டை போட்ட பதினொரு நீள நோட்டுகள் அதிலிருந்து விழுந்தன.

ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோலால் இழுத்த மூன்று கட்டங்கள் இருந்தன: நேரம், பாட்டின் முதல் அடி, ஒரு குறி. முழுதாக ஒலித்த பாட்டுக்குச் சிறு கோடு. விளம்பரத்தாலோ அறிவிப்பாளர் குறுக்கே பேசியதாலோ வெட்டுப்பட்ட பாட்டுக்கு அரைவட்டம். அதே நாளில் திரும்பி வந்த பாட்டுக்குப் புள்ளி. பேனா அகப்படாத நாட்களில் துணியில் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தார். அந்த வரிகள் தொட்டால் விரலில் ஒட்டின.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தந்தையிடமிருந்து என்றார். 1952-இல் பொறுப்பேற்ற ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பிய எண்ணற்ற நேயர்களில் அவரும் ஒருவர். அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட பாட்டு என்றைக்கு வரும் என்று காத்திருந்து, வந்த தேதியைக் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைப்பாராம். அப்படிப் போன நேயர்களைத் திரும்ப அழைக்க அரசு வானொலி 1957 அக்டோபர் 3 அன்று திரைப்பாடல்களும் ஒலிக்கும் விவித் பாரதி சேவையைத் தொடங்க வேண்டியிருந்தது. இந்த வரலாற்றை நான் பயிற்சி வகுப்புகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நேயர்களைக் கேட்காமல் பாட்டை மாற்றிய அதே தவறை நம் நிலையமும் செய்திருந்ததை அந்த நோட்டுகளைப் புரட்டும்போதுதான் கண்டேன்.

நம் இசைக்கொள்கை மூன்று முறை மாறியதை நீங்கள் அறிவீர்கள். 2004-இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி தொடங்கி, 2006-இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் அந்த வாய்ப்புத் திறக்கப்பட்ட பிறகு உருவான பல நிலையங்களைப் போலவே, நாமும் திரைப்பாடலைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் தொடங்கினோம். வயலிலும் கோயில் திடலிலும் பதிவு செய்த பாடல்கள், காலையில் கொஞ்சம் கர்நாடக இசை, அவ்வளவுதான். திரைப்பாடல் எங்கும் கிடைக்கிறது, நாம் எதற்கு என்பது ஒரு காரணம்; உரிமைத் தொகை கட்டப் பணம் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். பிறகு நேயர் விருப்பத்துக்காகப் பழைய திரைப்பாடல்கள் வந்தன. அதன் பிறகு, தனியார் பண்பலைகளைப் பார்த்து, புதுப் பாடல்களை மட்டும் சுழற்சியில் விடும் காலம் வந்தது. மணிக்கு ஐந்து நிமிடம் மட்டுமே விளம்பரத்துக்கு விதி இடம் தந்த நாட்களில் அந்த ஐந்து நிமிடத்தையாவது நிரப்பிவிட வேண்டும் என்ற கவலை எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த மாற்றத்தை ஆண்டறிக்கையில் “இளைஞர்களை ஈர்க்கும் புதிய பாணி” என்று எழுதியவன் நான். அதே நாளுக்கு அம்மாவின் நோட்டில் இருந்தது இரண்டு வரி: “இன்று முதல் பாட்டு வேறு. யாரும் சொல்லவில்லை.”

அதற்கடுத்த பக்கங்களில் புள்ளிகள் பெருகிக்கொண்டே போயின. ஒரே நாளில் ஒரே பாட்டு ஐந்து முறை. பிறகு வரிகள் குறைந்தன, பக்கத்தின் கீழ்ப்பாதி வெள்ளையாகக் கிடந்தது, ஒரு வாரம் முழுவதும் தேதிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தார். நாங்கள் வளர்ச்சி என்று கணக்கிட்ட மாதங்கள் அவை. வானொலியை அணைத்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, “இல்லை, ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, எழுதத்தான் ஒண்ணும் இல்லை” என்றார். கடும் விமர்சனக் கடிதங்கள் பல எனக்கு வந்திருக்கின்றன. எதுவும் இப்படித் தைத்ததில்லை. மாலை நேரத்தில் நடவுப் பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து, பழையதும் புதியதும் கலந்து தரத் தொடங்கிய நாளில் நோட்டு மறுபடி நிறைகிறது. ஒரு பாட்டின் எதிரே, குறி இடும் கட்டத்துக்குள், “தெரிஞ்ச குரல்” என்று நெருக்கி எழுதியிருந்தார்.

நோட்டுகளை விட்டுச் செல்ல அவர் சம்மதிக்கவில்லை. அதில் நியாயம் உண்டு, எங்களிடம் கொடுத்த தாள்களின் கதியை அவரே பார்த்தாரல்லவா. மூன்று வாரம் பிற்பகல்தோறும் தையல் வேலையை ஒதுக்கிவிட்டு வந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி வரி வரியாக வாசித்தார். நம் இளைஞர்கள் தட்டச்சு செய்தார்கள். அவர் கேட்காத நேரங்களின் கணக்கு இன்னும் இல்லைதான். ஆனால் கேட்ட நேரங்களின் கணக்கு எங்கள் பழைய கியூ ஷீட்டைவிடத் துல்லியமானது. நாங்கள் பாடல் ஒலித்தது என்று மட்டுமே குறித்திருப்போம். அது பாதியில் வெட்டப்பட்டதை அவர் குறித்திருந்தார். வேலை முடிந்த நாளில் ஏதேனும் தொகை வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தியபோது பையை மடித்துக்கொண்டே, “பாட்டு முடியற வரைக்கும் பேசாம இருங்க, அது போதும்” என்றார். தம் பெயரை எங்கும் சொல்லக்கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார்.

அவர் முன்னிலையில் சொன்னதை இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன். இனி நிலையத்தின் இசை மாறுவதானால், மாற்றத்தின் காரணத்தை ஒரு வாரம் முன்பே ஒலிபரப்பில் அறிவித்து, உங்கள் கருத்தைக் கேட்ட பின்னரே மாற்றுவோம். கியூ ஷீட்டுகள் தாளில் இரண்டு படிகளாக இருக்கும், ஒரு படி வேறொரு கட்டடத்தில் இருக்கும். உரிமம், விளம்பரம், நிதி என்று எங்களுக்கு உள்ள நெருக்கடிகளை உங்களிடம் மறைக்க மாட்டோம். அவற்றுக்காக உங்கள் காதை விற்கவும் மாட்டோம்.

நேற்று மாலை அம்மாவைப் பார்த்து நன்றி சொல்லப் போயிருந்தேன். பன்னிரண்டாவது நோட்டைத் தொடங்கியிருந்தார். நாம் திரும்ப ஒலித்த காலையின் முதல் பதிவைத் திறந்து காட்டினார். காலை 6.02, நடவுப் பாட்டு, எதிரே ஓர் அரைவட்டம். மகிழ்ச்சி தாங்காமல் கடைசி இரண்டடியின் மேல் வணக்கம் சொன்ன அறிவிப்பாளர் நான்தான்.

நன்றியுடன்,
உங்கள் நிலையப் பொறுப்பாளர்