ஷாக் காலர் கேட்டு வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நாய்க்குத் தீனியும் ஷாம்புவும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு, கிளம்பாமல் நின்று பலர் எங்களிடம் ஒன்று கேட்பதுண்டு. "வீட்டு ஆட்களிடம் தங்கமாக இருக்கிறது. தெருவில் இன்னொரு நாயைக் கண்டால் மட்டும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஷாக் காலர் இருக்கிறதா?" பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டை அது. சிலர் உள்பக்கம் முள் வைத்த காலர் கேட்கிறார்கள். சிலருக்கு இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் வேண்டும். இந்த மூன்றையும் நாங்கள் விற்பதில்லை, வரவழைத்தும் தருவதில்லை. ஏன் என்று கூட்டத்துக்கு நடுவே, பில் போட்டுக்கொண்டே, முழுதாகச் சொல்ல முடிவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

பாய்கிற நாயைப் பார்த்தால் கோபக்கார நாய் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் பெரும்பாலான நாய்கள் பயத்தில்தான் பாய்கின்றன. கழுத்தில் கயிறு இருக்கும்போது நாயால் விலகி ஓட முடியாது. மிச்சம் இருப்பது சத்தம் போட்டு எதிரியை விரட்டுவதுதான். அது குரைக்கிறது, எதிரில் வந்த நாய் தன் வழியில் போய்விடுகிறது, அல்லது நீங்கள் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். எப்படியோ அந்த நாய் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. "குரைத்தால் போய்விடும்" என்று நம் நாய் கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகக் குரைக்கிறது. சில இளம் நாய்கள் வேறு ரகம்: விளையாட ஆசைப்பட்டு, கயிறு விடாததால் ஆத்திரப்பட்டுக் கத்தும். உண்மையிலேயே சண்டைக்கு அலையும் நாய்களும் உண்டு, ஆனால் குறைவு.

இப்போது பயந்த நாயின் கழுத்தில் ஷாக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணில் படுவது இன்னொரு நாய், அதே நொடியில் கழுத்தில் வலி. பொத்தானை அழுத்தியது நீங்கள் என்று அதற்குத் தெரியாது. "நாய் வந்தால் வலி வரும், நான் பயந்தது சரிதான்" என்றே அதன் மனதில் பதியும். சில நாய்கள் ஷாக்குக்கு அஞ்சி உறுமுவதை நிறுத்திவிடும், வீட்டுக்காரரும் குணமாகிவிட்டது என்று மகிழ்வார். உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் பயம் உள்ளேயே இருக்கும், ஒருநாள் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் கடித்துவிடும். உறுமியதற்காக அடிக்காதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நம் காரைக்குடிப் பகுதியில் இந்தச் சிக்கல் இத்தனை வீடுகளில் இருப்பதற்கு நாம் நாய் வளர்க்கும் விதமும் ஒரு காரணம். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும் இருப்பார்கள். காவலுக்கென்று ஒரு ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ குட்டியிலேயே வந்து சேரும். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை ஒரு குட்டி எதையெல்லாம் நிம்மதியாகப் பார்க்கிறதோ, அதையெல்லாம் உலகத்தில் சகஜமானது என்று எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில்தான் தடுப்பூசி முடியட்டும் என்று நான்கு சுவருக்குள் வைத்திருக்கிறோம். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் நோய்க்கு அஞ்சுவது நியாயமே, குட்டியைத் தெருவில் இறக்கிவிடச் சொல்லவில்லை. கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள், மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஒரு சுற்று போய் வாருங்கள். தூரத்தில் நாய்கள் போவதை அது பார்க்கட்டும். ஊசி முடித்து ஆரோக்கியமாக இருக்கும் சாதுவான நாய் உறவினர் வீட்டில் இருந்தால் அதனோடு பழகவிடுங்கள். இப்போது குட்டி வைத்திருப்பவர்கள் இந்த மடலில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வளர்ந்த நாய்க்கு வருவோம். முதலில் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இதுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று சீற ஆரம்பித்தால் காதில் சீழ், இடுப்பு மூட்டு வலி, பல் வலி என்று ஏதாவது இருக்கலாம். வலி இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் எடுபடாது. "கருத்தடை செய்தால் சரியாகிவிடுமா" என்று பலர் கேட்கிறீர்கள். ஆண் நாய் ஊர் சுற்றுவதும் ஆண் நாய்களுக்குள் வரும் சில சண்டைகளும் குறையலாம். பயத்தால் வரும் சீற்றத்தை அது போக்காது.

அடுத்தது தூரம். உங்கள் நாய் எத்தனை அடி தூரத்தில் நிதானம் இழக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். குரைப்பது கடைசிக் கட்டம்தான், அதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். ஊருணிக் கரையில் நடந்துகொண்டிருக்கிறீர்கள், எதிர்க்கரையில் ஒரு நாய் எழுந்து நிற்கிறது. திறந்த வாயோடு மூச்சு வாங்கி வந்த உங்கள் நாய் சட்டென்று வாயை மூடும். காது முன்னால் வரும். ஒரு முன்னங்கால் பாதியில் நிற்கும். வால் விறைத்து மேலே ஏறும், சில நாய்களுக்குக் கால்களுக்கு இடையில் போகும். பிடரி மயிர் எழும், பார்வை அந்த நாயை விட்டு அகலாது. கூப்பிட்டால் காது மட்டும் லேசாகத் திரும்பும், தலை திரும்பாது. இந்த இடத்திலேயே நீங்கள் விலகத் திரும்ப வேண்டும். இதற்குப் பிறகு சொல்லும் எதுவும் அதன் காதில் ஏறாது. இன்னும் எளிய அடையாளம் ஒன்று: பிடித்த தீனியை மூக்கருகே நீட்டியும் வாங்கவில்லையா? நீங்கள் நெருங்கிப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

தூரம் தெரிந்த பிறகுதான் வைத்தியம் தொடங்குகிறது. உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, நம் வீட்டுக் கறியில் அவை இல்லாமல் இருக்காது. அதனால் மசாலா சேரும் முன்பே நாய்க்கானதை எடுத்துத் தனியாக வேகவைத்துவிடுங்கள். இந்தக் கோழி வேறு எந்த நேரத்திலும் கிடைக்கக் கூடாது. பாதுகாப்பான தூரத்தில் இன்னொரு நாய் கண்ணில் பட்டதும் ஒரு துண்டு கொடுங்கள். அந்த நாய் கண்ணில் இருக்கும்வரை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அது மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். வரிசை மாறக் கூடாது: முதலில் நாய், பிறகு கறி. முன்னாலேயே கறியை எடுத்து ஆட்டினால், "கறி வருகிறது, அப்படியென்றால் எங்கோ நாய் வருகிறது" என்று கறியைக் கண்டே பதறும் நாய்களும் உண்டு. சாப்பாட்டுக்குச் சற்று முன் எது வழக்கமாக வருகிறதோ அதற்கே நாய்க்கு எச்சில் ஊற ஆரம்பித்துவிடும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டினாரே, அதே விஷயம்தான். இங்கே மணிக்குப் பதிலாக இன்னொரு நாய்.

"குரைக்கிற நாய்க்குக் கறி கொடுத்தால் குரைப்பதற்குப் பரிசு கொடுத்ததாகாதா?" இது நியாயமான கேள்வி. குரைக்கும் அளவுக்குப் போய்விட்டால் தூரம் போதவில்லை என்றுதான் பொருள், அங்கிருந்து நகருங்கள். ஆனால் கறி கொடுத்ததால் பயம் கூடிவிடும் என்று கவலைப்பட வேண்டாம். பயம் என்பது நாய் யோசித்துச் செய்யும் வேலை அல்ல.

எங்கே பழக்குவது? இதில் செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பிலிருந்து வளவு (முதல் முற்றம் உள்ள பகுதி), இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று வாசல்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். முன்வாசல் கதவைத் திறந்து ஒருவர் காவலுக்கு நிற்கட்டும். நீங்கள் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு இரண்டாங்கட்டில் உட்காருங்கள். தெருவில் போகும் நாய் தூரத்தில் ஒரு சட்டத்துக்குள் சில நொடி தெரிந்து மறையும். பழக்குவதற்கு இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியாது. சில வாரங்களில், நாய் தெரிந்த உடனே உங்கள் நாய் தானாகத் தலையைத் திருப்பி "கறி எங்கே" என்று உங்களைப் பார்க்கும். அது நடந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அன்று வளவுக்கு வரலாம், பிறகு முகப்பு, பிறகு தெரு. ஒருநாள் சறுக்கினால் முந்தைய இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

தெருவில் இறங்கும்போதும் இரண்டு வாசல் இருப்பது கை கொடுக்கும். முன்வாசலில் தெருநாய்கள் படுத்திருந்தால் பின்வாசல் வழியாகக் கிளம்புங்கள். தெருநாய்கள் தங்கள் எல்லையைக் காப்பவை. எல்லை தாண்டிப் போகிறவர்களைப் பெரும்பாலும் தொடர்வதில்லை. எந்தத் தெருவில் எந்தக் கூட்டம் என்பது உங்களுக்கே தெரியும், அதற்கேற்ப வழியை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நாய் வந்துவிட்டால் ஓடாதீர்கள். நிற்கும் காரையோ வண்டியையோ மறைப்பாக்கி, வளைவாக விலகுங்கள். விடாமல் வரும் நாயின் முன்னால் ஒரு கை தீனியை வீசினால், அது பொறுக்கி முடிப்பதற்குள் நீங்கள் தெருமுனை தாண்டிவிடலாம். கோடையில் தார் ரோடு பாதத்தைச் சுடும், விடியற்காலை நடைதான் நல்லது.

தெருவில் நிதானம் வந்த பிறகு, தெரிந்தவர்களின் சாதுவான நாயோடு சேர்ந்து நடக்கலாம். நேருக்கு நேர் வேண்டாம். அகலமான தெருவில் ஆளுக்கொரு ஓரமாக, இரண்டு நாயும் ஒரே திசையில் நடக்கட்டும். நாளாக நாளாக இடைவெளியைக் குறைக்கலாம். கடைசியில் முகர்ந்து பார்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அமைதியாகக் கடந்து போகத் தெரிந்தால் ஒரு நாய்க்கு அது போதும்.

திருவிழா நாட்களில் பயிற்சி வேண்டாம். நம் ஊர்க் கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாவின்போது வேட்டும் மேளமும் கேட்டுப் பதறிய நாய்க்கு மறுநாளும் அந்தப் படபடப்பு அடங்கியிருக்காது. அன்று சின்ன விஷயத்துக்கும் பாயும். வீட்டிலேயே வைத்துக்கொண்டு தீனியை ஒளித்து வைத்துத் தேட விடுங்கள்.

சாமான் விஷயம் சுருக்கமாக. கழுத்தில் காலருக்குப் பதில் மார்பைச் சுற்றும் பாடி பெல்ட், நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ளது. ஆறடி துணிக் கயிறு போதும், நீண்டு சுருங்கும் கயிறு இந்த நாய்களுக்கு வேண்டாம். ஏற்கெனவே கடித்த நாய்க்கு வாய்க்கூடை வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி ரகம் கூடாது, அதில் நாயால் வாய் திறந்து மூச்சு வாங்க முடியாது, நம் வெயிலுக்கு அது ஆபத்து. கூண்டு போல் இருக்கும் ரகத்தில் தண்ணீர் குடிக்கலாம், தீனியும் வாங்கலாம். அதை மாட்டிய அன்றே தெருவுக்குப் போகாமல், உள்ளே கறி வைத்துச் சில நாள் வீட்டில் பழக்குங்கள்.

சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், தாம்பாளத்தைத் தட்டுங்கள், பலகையை இடையில் செருகுங்கள். யாருக்காவது பல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபீஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள்.

எங்களால் முடியாததும் இருக்கிறது. ஆழமாகக் கடித்துக் குதறிய நாய், மனிதரைக் கடித்த நாய், ஒரே வீட்டில் ரத்தம் வர மோதிக்கொள்ளும் இரண்டு நாய்கள் இவற்றுக்கு மடல் போதாது. நாய்களை வீட்டின் தனித்தனிக் கட்டுகளில் பிரித்து வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். விரிவான பரிசோதனை தேவை என்று அவர் சொன்னால் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "ஒரே வாரத்தில் அடக்கித் தருகிறேன்" என்று நாயைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்பவர்களிடம், எப்படி அடக்குவீர்கள் என்று நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பாடி பெல்ட் அளவு பார்க்க வருகிறவர்கள் முதலில் போன் செய்துவிட்டு, கடையில் ஆள் குறைவாக இருக்கும் மதியம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் வாருங்கள். நாயை உள்ளே கூட்டி வர வேண்டாம், வண்டியிலேயே இருக்கட்டும். வேறு நாய் எதுவும் கடைப் பக்கம் இல்லை என்று பார்த்துவிட்டு நாங்களே டேப்போடு வெளியே வருகிறோம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை வீட்டிலேயே அளந்து சொன்னாலும் போதும், சரியான அளவை எடுத்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் கடையினர்,
காரைக்குடி