பின்வாசலைத் திறந்துவைத்தவர்களுக்கு

ஆச்சிக்கும், பால்வண்டி அண்ணனுக்கும், மருந்துக்கடைத் தம்பிக்கும், நர்ஸ் அக்காவுக்கும் வணக்கம்.

உங்கள் பெயர்களை எழுதவில்லை. எழுதினால் உங்களிடம் யார் யார் வந்துபோனார்கள் என்று ஊர் கணக்கெடுக்க ஆரம்பித்துவிடும்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் எச்.ஐ.வி. களப்பணியில் இருந்தேன். என் நோட்டில் இருந்தவர்கள் மாதாமாதம் பஸ் ஏறி, எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் சிவகங்கை ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்குபவர்கள். பஸ் நின்றுபோனது. மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தரலாம் என்று உத்தரவு வந்தது, சரி. போய் வாங்கிவருவது யார்? வழியில் மறித்தால் என்ன மருந்து என்று நடுரோட்டில் சொல்ல வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ கிருமி அந்த மருந்துக்கே மசியாமல் போகும்.

அண்ணே, பால் கேன்களுக்கு நடுவே அந்த மாத்திரைப் பெட்டியை வைத்துக் கொண்டுவந்தீர்கள். உள்ளே என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆச்சி, உங்கள் வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மாத்திரை வாங்க வந்தவர்கள் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் வந்துபோனார்கள். நம்மூர் வீடுகள் இதற்காகவே கட்டியவை போலத் தோன்றியது. மாத்திரை டப்பா கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். அதனால் பெண்கள் உள்ளே பஞ்சை அடைப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மறுவாரம் பனையோலைக் கொட்டான்கள் வரிசையாக இருந்தன. அடியில் டப்பா, மேலே சீப்புச்சீடை. "சீடை வாங்க வந்தேன்னு சொல்லிட்டுப் போகட்டும் ஆத்தா" என்றீர்கள்.

"எல்லாரும் வீட்டோடு இருக்கும்போது பால்வினை நோய் எப்படிப் பரவும்?" என்று அப்போது என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வெளியூரில் பிழைத்தவர்கள் திரும்பிவந்து இருந்ததும் அந்த வீட்டில்தானே. டாக்டர்களும் லேப் ஆட்களும் கொரோனா வேலைக்குப் போயிருந்தார்கள். பரிசோதனை குறைந்தால் பதிவேட்டில் நோயும் குறையத்தான் செய்யும். அமெரிக்காவில்கூட 2020 தொடக்கத்தில் சரிந்த கணக்கு, ஆண்டு முடிவதற்குள் கொனோரியாவிலும் சிபிலிஸிலும் 2019-ஐத் தாண்டிவிட்டது.

தம்பி, ஒருவர் உன்னிடம் அசித்ரோமைசின் கேட்டு வந்தார். கொரோனாவுக்கென்று ஆளாளுக்கு வாங்கி விழுங்கிய மாத்திரைதான். புண் வந்தது, வலிக்கவில்லை, தானே ஆறிவிட்டது என்றாராம். நீ விற்காமல் என் நம்பரைக் கொடுத்தாய். சிபிலிஸ் புண் அப்படித்தான் ஆறும், கிருமி மட்டும் ரத்தத்தில் இருக்கும். அவர் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஊரடங்கில் அந்தப் பெண்ணின் ரத்தப் பரிசோதனை தள்ளிப்போயிருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அக்கா, நீங்கள் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்தீர்கள். இருவருக்கும் சிபிலிஸ் இருந்தது. டாக்டரிடம் கூட்டிப்போய் இருவருக்கும் பென்சிலின் ஊசி போடவைத்தீர்கள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

ஆச்சி, உங்கள் கொட்டான் மூன்று இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒன்றுக்கு விளிம்பு பிரிந்துவிட்டது. பங்குனியில் வரும்போது எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பின்வாசல்காரி