எங்கள் ஊர் ராத்திரி வகுப்புக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

திருமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில், போன ஞாயிற்றுக்கிழமை 21 பெண்கள் எழுத்தறிவுத் தேர்வு எழுதினார்கள். இளையவருக்கு 38 வயது, மூத்தவருக்கு 71. வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50, ஆக மொத்தம் 150 மதிப்பெண். தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டி, பேரப்பிள்ளையின் பென்சில் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதை எழுத வேண்டும் என்று இருந்தது. ரிசல்ட் வந்த பிறகு எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். ரிசல்ட் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், நன்றியைத் தள்ளிப்போட எனக்கு மனசில்லை.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் நான் ஒரு தன்னார்வலர். 15 வயதைத் தாண்டியும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 200 மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும், சம்பளம் கிடையாது. சம்பளம் கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அந்த 200 மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எங்கள் ஊரில் மல்லிகைத் தோட்டங்கள்தான் பிழைப்பு. விடிவதற்கு முன்னால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போக வேண்டும், பூவை மாட்டுத்தாவணிக்கு ஏற்றிவிட்ட பிறகு நூறு நாள் வேலை, அப்புறம் ஆடு மாடு, சமையல், சாயங்காலம் கட்டுவதற்கென்று எடுத்து வைத்த பூ. இதில் படிப்புக்கு இடம் எங்கே? அதனால் பூ வரத்துக் குறைகிற மார்கழியில் ஆரம்பித்து, ராத்திரி ஏழரைக்கு வகுப்பு என்று வைத்தோம். சித்திரையில் பூ குவிந்தபோது பாதிப் பேர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார்கள். நான் எழுப்பவில்லை.

முதல் நன்றி, தன்னார்வலர்களான எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு. பெயர் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் அ, ஆ என்று வரிசையாக ஆரம்பிக்கத் தயாராக இருந்தேன். 'அ' எழுதிப் பாருங்கள், பென்சிலே பிடித்துப் பழகாத கைக்கு அது எவ்வளவு சுழி, எவ்வளவு வளைவு என்று தெரியும். ட, ப, ம என்று கோடு கோடாக வருகிற எழுத்தில் தொடங்கச் சொன்னார்கள். ட-வுக்கு ரெண்டு கோடு, ப-வுக்கு மூணு கோடு, அவ்வளவுதான். முதல் நாளே 'படம்' என்று ஒரு முழுச் சொல்லை எழுதிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள், மறுநாள் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். பெரியவர்களிடம் 'தப்பு' என்று முகத்துக்கு நேரே சொல்லாதே, அவர்கள் தினமும் பார்க்கிறதிலிருந்து பாடத்தை எடு என்பதும் அவர்கள் சொன்னதுதான். அப்படித்தான் பஸ் போர்டும் ரேஷன் கடைப் பலகையும் பூ மண்டிச் சீட்டும் எங்களுக்குப் பாடமாயின. கணக்கை நாங்கள் சொல்லிக்கொடுத்தோம் என்று சொன்னால் அது சரியாக இருக்காது. கிலோ 640 ரூபாய் என்றால் மூன்றேகால் கிலோவுக்கு 2,080 என்று நான் பேனாவை எடுப்பதற்குள் வாயாலேயே சொல்லிவிடுவார்கள். அதைக் காகிதத்தில் இறக்குவதும், சீட்டில் கமிஷன் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டுவதும் மட்டும்தான் எங்கள் வேலை.

அடுத்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தப்பும் அதில் இருக்கிறது. இரண்டு மாதம் ஆகியும் பாதிப் பேர் நகரவே இல்லை. பலகையில் எழுதிப் போட்டால் படிப்பார்கள், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் விழிப்பார்கள். "எங்களுக்கெல்லாம் மண்டையில ஏறாது தாயி" என்றார்கள், நானும் மனசுக்குள் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் வேறு வேலையாக வந்த எங்கள் கிராம சுகாதார செவிலியர், வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓர் அத்தையிடம் ஊசியையும் நூலையும் கொடுத்துக் கோக்கச் சொன்னார். முடியவில்லை. பக்கத்தில் இருந்தவராலும் முடியவில்லை.

"வீட்ல யாரு கோத்துக் குடுக்கிறா?"

"பேத்திதான்."

வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருவதுதான், கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயதாக ஆக நெகிழ்வு குறைந்து, கிட்டத்தில் இருப்பதைப் பிடிக்க முடியாமல் போகிறது. பேப்பர் படிக்கிற ஆளாக இருந்தால் அதைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்து, நாமே கண்ணாடிக் கடைக்குப் போயிருப்போம். எழுத்தையே பார்க்காதவருக்கு எழுத்து வெளுத்துப்போனது எப்படித் தெரியும்? பூக் கட்டுவதற்குக் கண்ணே வேண்டாம், விரலுக்கே தெரியும், டிவி பார்த்துக்கொண்டே முழம் முழமாகக் கட்டித் தள்ளுகிற கைகள் அவை. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த ஊர் மதுரை, கண் முகாம் என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதே இல்லை. ஆனால் முகாம் என்றால் கண்புரைக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். எழுத்துத் தெரியாதவருக்குப் படிக்கிற கண்ணாடி எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

செவிலியர் அக்கா அலைந்து ஏற்பாடு செய்த முகாமில் 16 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அதற்குப் பணம் அனுப்பியது துபாயில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் மூன்று பேர். தம்பிகளா, கண்ணாடி வந்த அன்றைக்கு ராத்திரி நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும். உங்களில் ஒருவனின் அம்மா புத்தகத்தைத் திறந்து, அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது இம்புட்டுக் கறுப்பாவா இருக்கு?" என்று கேட்டார். அடுத்த மூன்று வாரத்தில் அவர் மெய்யெழுத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார். செவிலியர் அக்காவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை, அவர் அன்றைக்கு வாசலில் நிற்காமல் போயிருந்தால் நாங்கள் வகுப்பையே மூடியிருப்போம்.

வங்கி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கைநாட்டை மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று போன ஒரு சித்தியை ஒரு வங்கிக் கிளையில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், இத்தனை நாள் ரேகைதானே வைத்தீர்கள், அதுவே போதும் என்று. நாலாவது தடவை, அங்கே புதிதாக வந்திருந்த ஒரு பெண் அலுவலர் எழுந்து வந்து படிவத்தை எடுத்துக் கொடுத்து, சித்தி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் வரிசையை நிறுத்தி வைத்தார். அந்த அலுவலருக்கும், பின்னால் முணுமுணுக்காமல் நின்ற எல்லாருக்கும் நன்றி.

கீழடிக்குப் போக வேன் கொடுத்து, டீசலுக்குக் கூடக் காசு வாங்காத டிரைவர் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தைப் பார்க்கத்தான் போனோம். அங்கே பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பேர் கீறி வைத்திருக்கிறார்கள். அந்தக் கீறலை எங்களில் யாராலும் படிக்க முடியாது, ஆனால் அந்தப் பேரை இன்றைய எழுத்தில் 'ஆதன்' என்று போட்டிருந்ததை எங்கள் 71 வயது அப்பத்தா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஆ, த, ன் என்று கூட்டிப் படித்தார். "நாம எவர்சில்வர்ல பேரு வெட்டுற மாதிரி பானையில வெட்டியிருக்காக" என்றார். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலே பழைய ஓடு என்று நான் விளக்க ஆரம்பித்தேன், அவர் மனசு வேறு எங்கேயோ போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பியதும் பரணில் இருந்த பாத்திரத்தை எல்லாம் இறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறார். ஒரு குடத்தின் கழுத்தில், அவர் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்த அண்ணனின் பேர். அண்ணன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அந்தக் குடம் தன்னிடம் இருப்பது அப்பத்தாவுக்குத் தெரியும், அதில் அவர் பேர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் குடத்தை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், அன்றைக்கு அதுதான் பாடம்.

இன்னும் பேர் இருக்கிறது. கரண்ட் போனபோதெல்லாம் தன் கடை இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த டீக்கடை மாமா, பிள்ளைகளைத் தூங்க வைத்த காலேஜ் பெண்கள், "நீ போய்ட்டு வா, நான் உலையை வைக்கிறேன்" என்று சொன்ன ஐந்தாறு வீட்டு ஆம்பளைகள். எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் அவர்களுக்கும் மனசார நன்றி.

இனிமேல்தான் எனக்குப் பயம். அந்த அப்பத்தா 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோதே அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பேர் எழுதக் கற்றுக்கொண்டவர். அப்புறம் வாசிக்க எதுவும் கைக்கு வரவில்லை, வாசித்தால் கேட்க ஆளும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக அத்தனையும் மறந்துபோனது. இந்தத் தடவை அப்படி விடக் கூடாது என்று சனிக்கிழமை தோறும் கூடி, ஆளுக்குப் பத்து வரி பேப்பர் வாசிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் ஊர்ப்புற நூலகர் பெரிய எழுத்துப் புத்தகமாகப் பொறுக்கி ஒரு பெட்டி நிறையத் தந்திருக்கிறார். அடுத்த மாதம் நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறோம், டிரைவர் அண்ணன் இப்போதே வேனைக் கழுவி வைத்துவிட்டார்.

இந்த மடலை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். குடத்தைப் பற்றி எழுதியது சரிதானா என்று அப்பத்தாவிடம் கேட்டேன், "சரி, ஆனா அண்ணன் பேரையும் போட்டிருக்கலாம்ல" என்றார். காகிதத்தில் எழுதிய பிரதியில் அந்தப் பேரை அவரே தன் கையால் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குக் கீழே 21 பேரின் கையெழுத்தும் இருக்கிறது. உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பிரதி வரும், கொண்டுவந்து கொடுப்பது அவர்களேதான், கதவில் எழுதியிருக்கிற பேரைப் படித்துக் கண்டுபிடித்து வருவார்கள்.