மாஃப்ரா ஊடகக் குழுமத்தின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கப்ரைன் குழுமத்தின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். செக் குடியரசில் ம்லாடா ஃப்ரொன்டா ட்னெஸ் நாளிதழையும் ஐட்னெஸ் செய்தித் தளத்தையும் நடத்தும் மாஃப்ரா நிறுவனத்தை அக்ரோஃபெர்ட் என்ற தொழில் குழுமத்திடமிருந்து நீங்கள் வாங்கும் செய்தி 2023இல் வெளியானபோது, பத்திரிகைகளின் வரலாற்றை ஆர்வத்தோடு படித்துவரும் வாசகன் என்ற முறையில் எனக்கு நிம்மதியும் கவலையும் ஒருங்கே உண்டாயின. அந்தக் கவலையின் காரணத்தைச் சொல்லி, ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் இளைஞர் அமைப்பின் ஏடாக இருந்த ம்லாடா ஃப்ரொன்டா, 1990 செப்டம்பரில் புதிய பெயரோடு வெளிவரத் தொடங்கியபோது, அதன் பின்னால் நின்றது ஊழியர்களே உருவாக்கிய பங்கு நிறுவனம். எழுதுபவர்களே உரிமையாளர்களாகவும் இருந்த அந்த நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1992இல் பிரான்சின் சோக்பிரெஸ் நிறுவனமும், 1994இல் ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரைச் சேர்ந்த பதிப்பகமும் உள்ளே வந்தன. ஜெர்மானிய உரிமையாளரின் காலத்தில்தான் 1998 ஜனவரியில் ஐட்னெஸ் தொடங்கியது. அச்சு ஏட்டின் நிழலாக நின்றுவிடாமல் நாட்டின் முன்னணிச் செய்தித் தளங்களில் ஒன்றாக வளர்ந்தது. லிடொவே நொவினி என்ற நாளிதழும் பின்னர் இதே கூரையின் கீழ் வந்தது.

லிடொவே நொவினியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1893இல் பிர்னோ நகரில் பிறந்த அந்த நாளிதழில்தான், இன்று தமிழர்களும் நாள்தோறும் சொல்லும் ‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த சாபெக் சகோதரர்கள் பணியாற்றினார்கள். 1952இல் நிறுத்தப்பட்ட அதை, 1980களின் இறுதியில் ஆட்சி எதிர்ப்பாளர்கள் தலைமறைவு ஏடாக மீட்டெடுத்தார்கள். அதற்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. சிறைக்கும் அஞ்சாமல் காக்கப்பட்ட அந்த நாளிதழின் அச்சுப் பதிப்பு 2024இல் உங்கள் பொறுப்பில் முடிவுக்கு வந்தது. விற்பனைச் சரிவின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த நாளில் மனம் கனத்தது.

2013 ஜூனில் மாஃப்ராவை அக்ரோஃபெர்ட் வாங்கியபோது, அதன் உரிமையாளர் ஆண்ட்ரே பாபிஷ் ஏற்கெனவே ஆனோ என்ற அரசியல் இயக்கத்தின் தலைவர். அடுத்த ஆண்டே அவர் நிதியமைச்சரானார், 2017இன் இறுதியில் பிரதமரானார். ம்லாடா ஃப்ரொன்டா ட்னெஸ், லிடொவே நொவினி ஆகிய இரு நாளிதழ்களின் முதன்மை ஆசிரியர்களும் விரைவிலேயே விலகி, வேறு ஊடகங்களைத் தொடங்கினார்கள். அமைச்சர்கள் ஊடக உரிமை கொள்வதைத் தடுக்கும் சட்டத்தால் 2017 பிப்ரவரியில் அக்ரோஃபெர்ட் அறக்கட்டளை நிதியங்களுக்கு மாற்றப்பட்டது. அதன் பிறகு, அதே ஆண்டு மே மாதம், அரசியல் எதிரிகளைப் பற்றிய செய்திகளை எப்போது வெளியிடுவது என்று பாபிஷ் ம்லாடா ஃப்ரொன்டா ட்னெஸ் நாளிதழின் செய்தியாளரிடம் பேசும் ஒலிப்பதிவுகள் வெளியாயின. அது தமக்கு வைக்கப்பட்ட பொறி என்று அவர் சொன்னார். எப்படியாயினும், பத்திரங்களில் உரிமையாளரின் பெயரை மாற்றுவதால் மட்டும் செய்தியறை விடுதலை பெற்றுவிடாது என்பதை அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

நீங்கள் அரசியல் கட்சி நடத்தவில்லை. முந்தைய உரிமையாளரோடு உங்களை ஒப்பிடுவது நியாயமன்று. ஆயினும் பல தொழில்களில் முதலீடு கொண்ட குழுமத்தின் கையில் செய்தி நிறுவனம் இருக்கும்போது, அந்தத் தொழில்களைப் பற்றிய செய்தி எப்படி எழுதப்படும் என்று வாசகர் கேட்பது இயல்பு. பத்திரிகையாளர்களுக்கான நெறிமுறைகள் எங்கும் உண்டு. நான் கேட்பது உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் ஆவணம். 2025 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஊடகச் சுதந்திரச் சட்டமும் உரிமை விவரங்களை வெளிப்படையாக வைக்கவும், ஆசிரியர் குழுவின் முடிவுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கவும் கோருகிறது.

ஆகவே, முதன்மை ஆசிரியரை நியமிக்கும்போதும் நீக்கும்போதும் செய்தியாளர்களின் கருத்து எழுத்து மூலம் பெறப்படும் என்றும், வெளிவராத கட்டுரை எதையும் உரிமையாளர் தரப்பினர் பார்க்கவோ தள்ளிவைக்கவோ கோரமாட்டார்கள் என்றும், உங்கள் பிற முதலீடுகளைப் பற்றிய ஒவ்வொரு செய்தியிலும் அந்தத் தொடர்பு குறிப்பிடப்படும் என்றும் உறுதியளித்து, நீங்களே கையொப்பமிட்டு, ஐட்னெஸ் தளத்தில் எல்லோரும் படிக்குமாறு வெளியிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பத்திரிகைகளை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகன்