பாறையியல் பாடத்தை விட வேண்டாம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த பருவத்தில் பாறையியலையும் களப்பணியையும் விட்டுவிட்டு, கணினி மாதிரிகளையும் கோள்களின் வளிமண்டலத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். செவ்வாயைப் பற்றிப் படிக்க வந்தவளுக்குச் சுத்தியலும் கைலென்ஸும் எதற்கு என்பது உன் வாதம். காலமெல்லாம் கணிதம் கற்பித்த நான் உன் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1971இல் அப்போலோ 15இல் சென்று நிலவில் இறங்கிய டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் விமானிகள். நிலவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். லீ சில்வர் என்ற நிலவியலாளர் அவர்களைப் பலமுறை களத்துக்கு அழைத்துச் சென்று, கண்ணில் பட்ட பாறையைச் சொற்களால் விவரிக்கப் பழக்கியிருந்தார். அந்தப் பழக்கம் இருந்ததால்தான், ஒரு பள்ளத்தின் விளிம்பில் கிடந்த வெளிர்நிறக் கல்லைக் கண்டதும், அது பெரும்பாலும் பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர்நிறக் கனிமத்தால் ஆன அனார்த்தோசைட் பாறையாக இருக்க வேண்டும் என்று அவர்களால் அங்கேயே உணர முடிந்தது. நிலவு தொடக்கத்தில் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது, அதில் அடர்த்தி குறைந்த பிளேஜியோகிளேஸ் படிகங்கள் மிதந்து மேலோடாக உறைந்தன என்ற கருத்துக்கு அந்தக் கல் வலுவான சான்றாயிற்று. 2023இல் சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி நிலவின் தென்பகுதி மண்ணில் அளந்த தனிம விகிதங்களும் அந்தக் கருத்தோடு ஒத்துப்போயின. ஊர்தி அனுப்புபவை எண்களே. அவற்றைப் பாறையாக வாசிக்க, மெல்லியதாகச் சீவிய பாறைத்துண்டை நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய ஒருவர் வேண்டும்.

கணிதத்தைக் குறைத்துப் பேசுவதாக எண்ணாதே. 1862இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு, உருகிய நிலையிலிருந்து பூமி குளிர எவ்வளவு காலம் ஆகும் என்பதை வெப்பக் கடத்தல் சமன்பாட்டைக் கொண்டு பார்த்து, பூமியின் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் என்று கணக்கிட்டார். சமன்பாடு சரியானதுதான்; உள்ளே இருக்கும் வெப்பம் கடத்தலால் மட்டுமே வெளியேறுகிறது என்ற அனுமானம்தான் பிசகியது. பூமிக்குள் வெப்பத்தை உண்டாக்கும் கதிரியக்கத்தை அவர் அறியாததே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி விளக்கம்கூட இல்லை என்பேன். ஏனெனில் கதிரியக்கம் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டான 1895இலேயே, அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரி, உட்பகுதியில் வெப்பம் இன்னும் எளிதாகப் பரவுவதாகக் கொண்டால் அந்த வயது 200 கோடி ஆண்டுகளையும் தாண்டலாம் என்று காட்டிவிட்டார். 1956இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் எட்டிய 455 கோடி ஆண்டுகள் என்ற எண்ணோ, விண்கற்களில் இருந்த ஈய ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் ஈய அணுக்களை, அளந்ததால் கிடைத்தது. அங்கும் கையில் கல் இருந்தது.

வளிமண்டலப் பாடத்தை ஒரு பருவம் தள்ளிவைத்தால் ஒன்றும் கெடாது. நிரல் எழுதுவதை நீ ஏற்கெனவே தனியாகக் கற்றுக்கொண்டவள். ஆனால், மலைச்சரிவில் பாறைப்படுகைகளின் சாய்வை அளந்து, மண்ணுக்குள் மறைந்த நிலப்பிளவு எங்கே ஓடுகிறது என்று ஊகித்து வரைபடத்தில் கோடு போடுவதை, அது தவறினால் அங்கேயே கேள்வி கேட்கும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் கற்க முடியும்.

பாடங்களைப் பதிவுசெய்யக் கடைசி நாள் எது என்று எழுது. களப்பயணத்துக்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் அதையும் சேர்த்துத் தெரிவி, அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா